மாதாவோடு பார்க்குக்குப் போன ரீத்தா அக்கா

ரீத்தா அக்கா போய்விட்டார். இன்று காலை, என் வீட்டு வாசலில், காரிடாரில் நடந்துகொண்டிருந்தபோது... ஹார்ட் அட்டாக்.

ஆம்புலன்ஸ் வந்தது. லிப்ட் வரவில்லை. அவர்கள் படியேறி வருவதற்குள் என் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

செந்தூலில் எங்கள் பிளாட்டைத் தெரிந்தவர்களுக்கு அவரையும் தெரியும். ஸ்கூல் வேன் ஓட்டிய ரீத்தா ஆன்டி. ஹாரன் அடிக்க மாட்டார். கீழே நின்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துவார், மேல் மாடிவரை கேட்கும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிளாட்டுக்குப் பக்கத்தில் முன்பு ஒரு திடல் இருந்தது. ஓரமெல்லாம் மரங்கள். அக்கா வேன் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, காலையில் நாங்கள் இருவரும் அங்கேதான் நடப்போம். அவருக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர். நடையைவிடப் பேச்சுதான் அதிகம். இருந்தாலும் கிளினிக்கில் ரீடிங் அடங்கித்தான் இருந்தது.

பிறகு திடலைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். உள்ளே வசதிக்காரர்களுக்கான கொண்டோ மாடி எழும்பியது. தூசி, சத்தம், ஜன்னலைத் திறக்க முடியாது.

நாங்கள் காரிடாரில் நடக்க ஆரம்பித்தோம்... சுவர்வரை போய்த் திரும்புவது, மறுபடியும் சுவர்வரை போய்த் திரும்புவது. ஒரு பக்கம் செருப்பு ராக், மறுபக்கம் காயப்போட்ட துணி. கூண்டுக் கோழிகூட எங்களைவிட வசதியாக நடந்திருக்கும்.

அக்காவுக்குப் பிரஷர் ஏறியது. மாத்திரையும் ஏறியது.

கிளினிக் டாக்டர் சின்னப் பெண். அன்பாகத்தான் கேட்டார். "வீட்டுப் பக்கத்துல பார்க் இல்லையா ஆன்டி? மரம் செடி இருக்கிற இடமா பார்த்து நடங்க, ஹார்ட்டுக்கு நல்லது."

"இருக்கு டாக்டர், அழகா இருக்கு. உள்ள போகத்தான் கார்டு வேணும்லா."

உண்மைதான். கொண்டோக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு தோட்டம் வைத்திருந்தார்கள். புல், பெஞ்ச், நிழல்... எங்கள் காரிடாரிலிருந்து முழுசாகத் தெரியும். ஒருமுறை கேட்டில் போய்க் கேட்டோம். காவலுக்கு நின்ற ஜாகா பாவம், தலையை மட்டும் ஆட்டினார்.

போன வருஷம் அக்டோபர் வந்தது. கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை மாதம். மாதா சிலையை, சுரூபம் என்பார்கள், எடுத்துக்கொண்டு, தினம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். கொண்டோவிலும் சில கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. அங்கே சுரூபம் கொண்டுபோகும் பொறுப்பை அக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்னையும் கூப்பிட்டார். "நான் முருகன் கட்சிக்கா" என்றேன்.

"பரவால்ல, பூவத் தூக்கிட்டு வா. மாதா ஐசி கார்டு எல்லாம் கேக்க மாட்டாங்க."

ஜாகா சுரூபத்தைப் பார்த்தார். தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். சல்யூட் வேறு!

செபம் இருட்டிய பிறகுதான். நாங்கள் போனதோ வெயில் தாழ்ந்த உடனேயே. மாதாவைத் தோட்டத்துப் பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அக்கா செருப்பைக் கழற்றிப் புல்லில் காலை வைத்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூக்கூடைக்கு அடியில் பிரஷர் மெஷினையும் கொண்டுவந்திருந்தார். அங்கேயே போட்டுப் பார்த்தார்.

"பாத்தியா... எறங்கிருக்கு. மாதா செஞ்ச புதுமை."

"மாதாவா, மரமாக்கா?"

"ரெண்டுந்தான்லா. வாய மூடு."

கொண்டோவில் செபம் இருந்த நாளெல்லாம் போனோம். நவம்பரில் மாதா கோயிலுக்குத் திரும்பிவிட்டார். எங்களுக்கு மறுபடியும் காரிடார்.

அடுத்த அக்டோபருக்காக அக்கா காத்துக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சைப் பார்ப்பார். "இன்னும் கொஞ்ச மாசந்தான்" என்பார். அதுவரை அவருடைய ஹார்ட் தாங்கவில்லை.

எனக்குக் கோபமாக இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கீழே கார் பார்க்கில் கூடாரம் போட்டிருக்கிறோம். மாலையில் கொண்டோவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் வீட்டுச் செபத்துக்கும் நாங்கள் போயிருக்கிறோம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மேலேருந்து பாப்பேன்கா, மாதாவோட உக்காந்திருப்பீங்க. எங்க ஆளுங்க யாருமே அங்க எறங்கறதில்ல, ஏர்கோன் போட்டுக்கிட்டு உள்ளயே கெடப்போம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா தினமும் நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே..."

அவரிடம் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

நாளை அடக்கம். போயிட்டு வாங்கக்கா... இனிமேல் காரிடாரில் நான் மட்டும்தான்.