காலைக் குனிந்து பார்த்த டிரைவரக்கா

நகரப் பேருந்து ஓட்டும் அவளைப் பணிமனையில் எல்லோரும் டிரைவரக்கா என்றே கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் கூடு கட்டியிருந்த குளவிகள் கலைந்து கழுத்திலும் கையிலும் ஏழெட்டு இடத்தில் கொட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டி, பயணிகளை இறக்கிவிட்ட பிறகுதான் "ஐயோ" என்றாள். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. தொல்லை விட்டது என்றிருந்தாள்.

பத்தாம் நாள் காலை வண்டியின் படி திடீரென்று உயரமாகிவிட்டது போலிருந்தது. ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். கால் அதன்மேல்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சாவியை உருவிக்கொண்டு, கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

விஷயத்தைக் கேட்டதும் பணிமனை மேற்பார்வையாளர் எகிறினார். "கால் மரத்துப்போனதுக்கெல்லாம் லீவாம்மா? ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க!"

"அந்த ஜனங்களுக்காகத்தான் சார் எடுக்க மாட்டேங்கிறேன்."

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் எழுந்து நிற்கவே முடியவில்லை. டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் அசையவில்லை.

"விஷம் அப்பவே போயிடுச்சும்மா. அதை எதிர்க்கக் கிளம்புன உங்க உடம்பே இப்ப நரம்பை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. ரொம்ப அபூர்வம். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க."

"காவலுக்கு வெச்ச வாட்ச்மேனே வீட்டுக்காரியப் போட்டு அடிச்ச கதையா இருக்கே டாக்டர்!"

சிரிக்க வைத்தாளே தவிர, உள்ளுக்குள் வெலவெலத்துப் போயிருந்தாள். ஐந்து நாள் ஊசி மருந்து ஏறியது. அதற்குள் கைகளும் தளர்ந்திருந்தன. ஒரு மதியம் சாப்பிடும்போது கரண்டி கைநழுவி விழ, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். கூட இருந்த நாத்தனார், கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இத்தனை வருஷமா என்னை வறுத்தெடுத்த வாய்க்கு நானே ஊட்ட வேண்டியிருக்கு. திறங்க அண்ணி!"

வீட்டுக்கு வந்தபின் உடற்பயிற்சியும் நாத்தனார் மேற்பார்வையில்தான். சுவரைப் பிடித்து நிற்க இரண்டு மாதம். படியேற இன்னும் மூன்று. ஏழாம் மாதம், மறுபடி வண்டி ஓட்டலாம் என்று சான்றிதழ் எழுத டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இருங்க டாக்டர், வலது கால்ல ரெண்டு விரல் இன்னும் மந்தமாத்தான் இருக்கு. ஒரு மாசம் போகட்டும்."

யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத விஷயம் அது.

ஒன்பதாம் மாதம் ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறி, மறுநாளே முதல் நடையை எடுத்தாள். இரண்டாவது நிறுத்தத்தில் நாத்தனார் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல அண்ணி. சும்மா கடைசி வரைக்கும் வரேன்."