காகிதத்தில் மடித்த துண்டு

அக்ரஹாரத்துப் பல் கிளினிக்கில் எனக்கு முன்னால் காத்திருந்தவர் ராமாபுரத்துக்காரர். ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். முறுக்கிய மீசை. ஆனால் வாயைக் கையால் பொத்தியே வைத்திருந்தார். நாக்கு உள்ளே எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

“முன்பல்லு ஒடஞ்சு போச்சுங்க. இனிக் கெழவன்தான்னு ஊட்டுக்காரி சிரிக்கறா,” என்று காகிதத்தில் மடித்திருந்த சிறு மஞ்சள் துண்டைக் காட்டினார்.

அவர் உள்ளே போனதும் டாக்டரம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

“இது பல்லே இல்ல சார், காரை. தெனமும் பல்லுல படியற படலத்தைச் சரியா தேய்க்காம விட்டா, எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லா இறுகிடும். அப்புறம் பிரஷ்ல போகாது. மிச்சத்தை நான் எடுத்துடறேன். உங்க பல்லு முழுசா இருக்கு.”

மெஷின் ஓசை நின்றது. வெளியே வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத எங்கள் எல்லோருக்கும் பல்லைக் காட்டினார். “அத்தனையும் என்னுதுங்க.”

குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. அவரோ அந்தத் துண்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார். “ஊட்டுல காட்டோணுங்க.”

போரில் பிடித்த கைதியை ஊருக்குக் கூட்டிப்போகிறவரின் நடையில் படியிறங்கினார். அன்று மாலை அவர் வீட்டம்மாளின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்பதுதான் இன்றும் என் குறை.