மயங்கு என்றார் மாமியார்

எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தார். அவர் வரும் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தால், மகாபலிபுரத்தில் கடலோரம் படுத்திருக்கும் பெருமாளுக்குத் தேங்காய் உடைப்பதாக என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி பஸ் ஏறி, உச்சி வெயிலில் மூவரும் போய்ச் சேர்ந்தோம்.

கற்கோயில் கடலை ஒட்டி நின்றது. உப்புக்காற்று சிலைகளின் மூக்கையும் முழியையும் தின்றுவிட்டிருந்தது. உள்ளே பெருமாள் வெறும் பாறையில் நீட்டிப் படுத்திருந்தார். விளக்கில்லை, பூவில்லை, அர்ச்சகரும் இல்லை. காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர்தான் இருந்தார்.

மாமியார் பையிலிருந்து தேங்காயை எடுத்ததும் அவர் ஓடிவந்தார்.

"இங்க அதெல்லாம் ஒடைக்கக் கூடாதும்மா. பூசை கெடையாது. சர்க்கார் உத்தரவு."

"சாமிக்குத் தேங்கா ஒடைக்கறத தடுக்க சர்க்கார் யாருய்யா?"

"எம்மா, வுடு. சட்டம்னா சட்டம்தான்," என்றார் என் பட்டாளத்துக்காரர்.

மாமியார் சாதுவாகத் தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம். சற்று நேரத்தில் என் இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது.

"மயங்குடி," என்றார் காதோடு.

"இன்னா அத்தை?"

"மயங்கி வுழு. மத்தத நான் பாத்துக்கறேன்."

சுவரோரம் நிழலான இடமாகப் பார்த்து, புதுச்சேலை கசங்காமல் விழுந்தேன். காவல்காரர் தண்ணீருக்கு ஓடினார். சண்டையையே பார்த்துவிட்டு வந்த என் கணவர் வெலவெலத்துப்போய், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தேய்த்தார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நான் உடனே கண்ணைத் திறக்கவில்லை.

காவல்காரர் சொம்போடு வந்தார்.

"பாவம், வெயில்ல ஓடியாந்தியே, இந்தா," என்று மாமியார் ஒரு தேங்காய்ச் சில்லை நீட்டினார். "வூட்டுலயே ஒடச்சி எடுத்தாந்தது."

அவர் சில்லைப் பார்த்தார். மாமியாரின் நனைந்த முந்தானையைப் பார்த்தார். நிதானமாக மென்று முழுங்கினார்.

"நல்ல எளசும்மா. போன வாரம் இதே எடத்துல ஒரு பொண்ணு மயங்கி வுழுந்துச்சி. அவங்க தேங்கா ஒரே முத்தல்."

என் கணவர் என் கையைப் பட்டென்று விட்டார். வழியெல்லாம் எங்களோடு பேசவில்லை. திண்டிவனத்தில் பஸ் மாறும்போது பசி தாங்காமல் மீதித் தேங்காயைக் கேட்டார். அதை நானும் மாமியாரும் செங்கல்பட்டிலேயே தின்று தீர்த்திருந்தோம்.