பெரியப்பா படத்துக்குக் கீழே பி.ஏ.

கமாவைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டு என்று யாராவது புரோகிராம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். அக்காவிடம் கமாவைப் பற்றி மட்டும் பேசிவிடாதே என்று ஆபீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியே அனுப்புகிறார்கள். சொல்லட்டும். ஆறாம் வகுப்பில் எனக்கு நடந்தது அவர்களுக்கு நடந்திருந்தால் தெரியும்.

தம்பிக்குக் காதணி விழா. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே சித்தப்பா பிளெக்ஸ் கடை வைத்திருந்தார், அதனால் பேனர் அவர் பொறுப்பு. நடுவில் தம்பி, சுற்றிலும் சொந்தக்காரர்களின் பதினைந்து படம், ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். இதற்கென்றே காலேஜ் பையன் ஒருவனைப் பிடித்து ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார். பெயர்களை இடையில் கமா போட்டு வரிசையாக அடித்தால் போதும். கமா வரும் இடத்திலெல்லாம் அது வெட்டி, முதல் துண்டை முதல் படத்துக்குக் கீழே, அடுத்த துண்டை அடுத்த படத்துக்குக் கீழே என்று தானே வைத்துவிடும். தமிழில் டைப் அடிப்பது எனக்குத் தண்ணி பட்ட பாடு என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. பதினைந்தாவது பெயர் என்னுடையது. பேனரில் என் பெயர் வருவது அதுதான் முதல் தடவை, ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் படம் தாய்மாமனுக்கு. வாடிப்பட்டி மாமா வக்கீல், அம்மா வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல்., என்று போட்டே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மற்றவர்களுக்குப் போட ஒன்றும் இல்லை. நம் ஊரில் பெயருக்குப் பின்னாலும் கமா, பட்டத்துக்குப் பட்டமும் கமா உண்டு, கடைசிப் பட்டத்துக்கும் சேர்த்து. அடிக்கும்போதே எனக்கு இடித்தது.

"சித்தப்பா, மாமா பட்டத்துலயும் கமா வருது. அதையும் வெட்டிறாதா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியும் பாப்பா. நீ அடி."

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? விழா அன்று காலையில் மண்டப வாசலில் பேனரைக் கட்டி நிமிர்த்தினார்கள். மாமா படத்துக்குக் கீழே அவர் பெயர் மட்டும் மொட்டையாக இருந்தது. அடுத்த படம் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. மீசையும் துண்டுமாக இருந்த அவர் படத்துக்குக் கீழே 'பி.ஏ.' அதற்கடுத்து சித்தப்பா, அவருக்கு 'பி.எல்.' அங்கிருந்து எல்லோர் பெயரும் இரண்டு படம் தள்ளிப் போயிருந்தது. இரட்டைச் சடையோடு சிரிக்கும் என் படத்துக்குக் கீழே ஒத்தக்கடை மாமாவின் பெயர். படங்கள் தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு பெயர்களை அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டிருந்தது. அதில் ஒன்று என் பெயர்.

பெரியம்மா சாமியாடாத குறை. படிக்காத மனுசனுக்கு பி.ஏ.ன்னு போட்டு நக்கலா பண்றாக என்று கேட்டு, இது வாடிப்பட்டி ஆட்கள் செய்த வேலைதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தமாட்டேன் என்று அப்பா. அம்மா ஒரு மூலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சித்தப்பா, கொஞ்சமும் கூசாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாப்பா தப்பா அடிச்சிருச்சு மதினி."

எனக்கு வந்ததே ஆத்திரம். நான் கேட்டேன், நீங்கதான் அடிக்கச் சொன்னீங்க என்று கத்தினேன். பெரியவங்க பேசும்போது என்ன வாய் என்று அப்பா கையை ஓங்கினார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நியாயம் பேசிய ஒரே ஆள் நான், அடி வாங்கப் பார்த்ததும் நான்தான். அழுதுகொண்டே வழியும் சொன்னேன். பெயருக்கும் பெயருக்கும் நடுவில் கமாவுக்குப் பதிலாக நட்சத்திரம் போட்டு அடிக்கிறேன், அதை மட்டும் பார்த்து வெட்டச் சொல்லுங்கள், பட்டம் அப்படியே நிற்கும் என்றேன். சித்தப்பாவுக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேறு அடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

அதுவரை பேனரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற பெரியப்பா, திரும்பாமலே சொன்னார்.

"எதுக்குடா வேற. இருக்கட்டும், நல்லாத்தான இருக்கு."

அவ்வளவுதான். பெரியம்மா பையை வைத்தார், மேளம் ஆரம்பித்தது, மாமா மடியில் வைத்துத் தம்பிக்குக் காது குத்தினார்கள். என் பெயர் போனது போனதுதான். அதைப் பற்றிக் கேட்க ஒரு நாதி இல்லை. சித்தப்பா மேல் இருந்த கோபம் முழுக்கப் பெரியப்பா மேல் திரும்பியது. எல்லாம் சரியாகப் போகிற நேரத்தில் அவர்தானே கெடுத்தார்?

சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோக்காரரை அவரே கூட்டிக்கொண்டு வந்து பேனருக்கு முன்னால் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார். "நீதான அடிச்ச, வா, கூட நில்லு" என்று இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டார். கேலி பண்ணுகிறார் என்றே நினைத்தேன். போகவில்லை. அதற்குப் பிறகு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவரோடு பேசவும் இல்லை.

போன வருஷம் ஏதோ பேச்சுவாக்கில் அப்பா சொன்னார். அப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அதே ஜூன் மாதம்தான் பெரியப்பாவை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பினார்களாம். நல்லாப் படிக்கிற பையன், அனுப்புங்க என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டும் நடக்கவில்லை. இதை ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை என்று அப்பாவிடம் அன்றைக்கும் சண்டைதான் போட்டேன்.

அந்தப் போட்டோவைப் பெரியப்பா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பி.ஏ.வுக்குக் கீழே, பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருக்கிறார்.