உடையும் விடையும்

திருச்செங்கோடு மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மல்லசமுத்திரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது ஒரு சொம்பு தண்ணீர்தான். அப்போது வயது பத்தொன்பது. பஸ்ஸைப் பற்றி யோசிக்கும் நிலைமை இல்லை.

போன வாரம் இந்தப் பகுதிக்கு ஒரு வாசகர் எழுதியிருந்தார். பையனை ஜில்லா போர்டு பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார். அனுப்புங்கள். நானும் போனவன்தான்... வாசல் வரைக்கும்.

பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிற வேலைக்கு போர்டு இளைஞர்களைப் பழக்கிய சமயம் அது. சேலத்தில் சில மாதம் பயிற்சி. தங்க இடம், சாப்பாட்டுக்கு உபகாரச் சம்பளம். முடித்தால் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும். சும்மாவே ஊர் சுற்றுகிறவனைக் கூப்பிட்டு, 'சம்பளம் தருகிறேன், சுற்று' என்றால் — விடுவேனா? ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தறிப்பட்டறை, மண்டி, செங்கல் சூளை என்று எதிலும் மூன்று மாதம் நிலைக்காதவன். எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன்.

பாக்கி இருந்தது ஓர் இடம். அதற்காகத் திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். பரீட்சை ஒன்றே ஒன்று — டிக்டேஷன்.

வாசித்தவர் போர்டு ஆபீஸ் குமாஸ்தா. நம் பக்கத்து ஆள்; நம் பேச்சில் 'வி' 'உ' ஆகும், 'வீ' 'ஊ' ஆகும். 'ஊடு ஊடாப் போகோணும்' என்றார். 'வீடு வீடாகப் போக வேண்டும்' என்று எழுதினேன். 'ஒரு கொழந்தையக்கூட உடக்கூடாது' என்றார். 'விடக்கூடாது' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவன் 'ஊடு' என்றே எழுதியிருந்தான். இந்த ஒரு எழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கின அடி வீண்போகவில்லை. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அடுத்த வாக்கியம்: 'கொழந்தையின் உடை சுத்தமா இருக்கோணும்.'

நாங்கள் துணி என்றுதான் சொல்வோம். உடை என்று யார் சொன்னார்கள்? இதுவும் குமாஸ்தா வாயில் 'வி' கழன்று விழுந்த வார்த்தைதான் என்று முடிவு செய்தேன். 'குழந்தையின் விடை சுத்தமாக இருக்க வேண்டும்' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

திருத்தியவர் சுகாதார அதிகாரி. ஆத்தூருக்குக் கிழக்கே இருந்து வந்தவர்; எங்கள் பேச்சு அவருக்குப் புதிது. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கைக்குழந்தைகிட்ட என்னப்பா கேள்வி கேட்ட, அது விடை சொல்றதுக்கு?"

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். குமாஸ்தா வாயில் வீடு எப்படி ஊடானது என்று விளக்கிப் பார்த்தேன். அதிகாரி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் உள்ளதைத்தானுங்க படிச்சேன்" என்றார் குமாஸ்தா. அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

வீட்டையும் உடையையும் சரியாக எழுதியிருந்த ஒருவனுக்கு இடம் போனது. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. என்னை அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். அதுவரை சாப்பிடுவதை நிறுத்தி வைக்க முடியுமா?

குமாஸ்தா வாசல் வரை கூடவே வந்தார்.

"மனசுல வெச்சுக்காத சாமி. மல்லசமுத்திரத்துல அம்மை குத்தறவருக்குப் பெட்டி தூக்க ஆளில்ல. குத்தறதுக்குப் பயந்து ஓடற சனத்தக் கூப்பிட்டு நிறுத்தோணும். போய்ப் பாரு."

"அதுக்கும் பரீட்சை இருக்குதுங்களா?"

"வாய் இருந்தாப் போதும்."

அதனால்தான் அந்தப் பத்து மைல் நடை. நடக்கும்போது ஒன்று தோன்றியது. போர்டு உதவாமல் இல்லை. ஆனால் அந்த உதவி ஒருவனிடம் வந்து சேர்வதற்குள் எத்தனை வாய் மாறுகிறது! போர்டு இங்கிலீஷில் எழுதியது தமிழாகி, தமிழ் குமாஸ்தாவிடம் பேச்சாகி, பேச்சு என் பென்சிலில் மறுபடி இலக்கணமாகி... எங்கோ ஓர் இடத்தில் குழந்தையின் துணி உருவப்பட்டுவிடுகிறது.

பையனை அனுப்புங்கள், வாசகரே. புரியாத வார்த்தை வந்தால் இன்னொரு தரம் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மல்லசமுத்திரம் சாவடியில் அம்மை குத்துகிறவரைக் கண்டுபிடித்தேன். மதராஸ் பக்கத்து ஆள். அவர் பேச்சைக் கேட்டாலே தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் பேசியதைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார். பிறகு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.