மண் கொட்டாத பேஸ்மட்டம்

ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்துப் பாகலூருக்கு வந்த ஜெபமணிக்கு, தன் புது வீட்டுக்கு அஸ்திவாரத்தின்மேல் எழுப்பியிருந்த பேஸ்மட்டத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தரைக்கடியில் காலியாக விடச் சொன்ன இடத்தில் இடுப்புயரத்துக்குச் செம்மண். டிப்பர் வந்துபோன தடம்கூட இன்னும் கலையவில்லை. பாவி மனுஷன், சொல்லச் சொல்லக் கேட்காமல் கொட்டியே விட்டார்!

பாவி மனுஷன் சிங்கராயர். செத்துப்போன அவள் கணவனின் அண்ணன், மேஸ்திரி. சொந்தக்காரராயிற்றே என்று வேலையைக் கொடுத்தாள் பாருங்கள், அவளைச் சொல்ல வேண்டும்.

ஏரிக்குக் கீழே இருக்கிற மனை அது. இப்போதிருக்கும் வாடகை வீட்டு ஓதத்தில் மகள் ஃபெபாவுக்கு இழுப்பு வந்து மூச்சுக்குத் திணறுகிறாள். இங்கேயாவது அவள் படுக்கும் தரை காய்ந்திருக்க வேண்டும், ஜெபமணிக்கு வேறெதுவும் வேண்டாம். அதற்குத்தான் இன்ஜினியர் சத்யப்ரியா வழி சொல்லியிருந்தாள். அடியில் மண் நிரப்பினால் அது ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், அதனால் நிரப்பக் கூடாது. கீழே கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துச் சுவரோடு ஒட்டி, உள்சுவருக்குத் தண்ணீர் இறங்காத பூச்சுப் பூசி, மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடிவிட்டால் ஈரம் ஏறாது.

"யாரக் கேட்டு மாமா மண்ணு அடிச்சீங்க?"

"யாரக் கேக்கணும்? நாலு பக்கம் செவுரு, மேல மூடி, உள்ளார வெறும் பொந்து. அதுக்குப் பேரு வீடாம்மா? கல்லறை! நான் கட்டாத கல்லறையா? என் தம்பி மகள அதுமேல படுக்க வெக்க மாட்டேன்."

அடேயப்பா, என்ன அக்கறை! ஃபெபாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எட்டிப் பார்க்காத அக்கறை.

"மண்ண அள்ளுங்க."

"அள்ள மாட்டேன். பொம்பள சொல்லி வேல செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

ஜெபமணி அவர் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"கல்லறையா? உங்க தம்பிக்குக் கட்டினீங்களே, அதப் பத்திப் பேசுவோமா? பெட்டிய எறக்குனப்ப உள்ள தண்ணி நின்னுச்சு. பொளக்குன்னு சத்தம் வந்துச்சு. எல்லாரும் பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க, யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்கும் கேட்டுச்சு."

சிங்கராயரின் முகம் செத்துப்போயிற்று. செங்கல் அடுக்கின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அவசரத்துல கட்டினேன், ஜெபா. உள்பூச்சுப் பூசாம விட்டுட்டேன். அன்னிலேர்ந்து பொந்துன்னாலே எனக்கு..."

அவள் முடிக்க விடவில்லை. இந்த மனுஷனுக்காக இப்போது இரங்கினால் மண் அப்படியே கிடக்கும். மம்பட்டியை அவர் காலடியில் வீசினாள்.

"அவரத் தண்ணியில படுக்க வெச்சீங்க. அவர் பிள்ளையையாவது காஞ்ச எடத்துல படுக்க வைங்க. மண்ண அள்ளிட்டு, இங்கயாவது ஒழுங்காப் பூசுங்க."