இடித்த சுவருக்கு மேலே

எங்கள் ஊர் மாதா கோயிலின் நடுச்சுவரை இடித்தவர்களில் ஒருவரும் அடுத்த அறுவடையைப் பார்க்கவில்லை என்று என் கணவர் வீட்டார் நம்பினார்கள். வெள்ளைக்காரச் சாமியார்கள் கோத்திக் பாணியில் கட்டிய கோயில் அது. மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களையும் மற்றவர்களையும் பிரிக்க உள்ளேயே அந்தச் சுவர் இருந்ததாம். நான் மருமகளாக வந்தபோது அங்கே வெறும் தரைதான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாள்களில், காய்ச்சலில் தவித்த மகளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டோம். சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பேருந்து ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. வெயில் தாங்காமல் நானும் மாமியாரும் கோயிலுக்குள் ஒதுங்கினோம்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். வற்றிய, நெடிய உடல். நடு இடத்துக்கு வந்ததும், எதிலோ இடித்துக்கொள்ளாமல் விலகுபவரைப் போல, துடைப்பத்தோடு திரும்பிவிடுவார்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றேன்.

செம்போடு வந்தவர் நடுவில் நின்று, அதைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"இன்னாங்க இது? கையில குடுங்களேன்."

"செவுரு இருக்குதேம்மா. எட்டி வாங்கிக்கோங்க."

"எங்கங்க இருக்குது?"

"வாய மூடுடி, புள்ள நாக்கு வறண்டு கெடக்குது. அவன் சரியாத்தான் நிக்கிறான்," என்ற மாமியார், குதிகாலை உயர்த்திக் கைகளை மேலே நீட்டினார்.

செம்பு கைமாறியபோது கல்லில் உரசும் ஒலி கேட்டது. மடியில் கண்மூடிக் கிடந்த மகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

அவள் குடித்தாள், பிழைத்தாள். கோயில்பிள்ளையும் மாமியாரும் பின்னாளில் இறந்துபோனார்கள். அந்த ஒலியைக் கேட்டவர்களில் இன்று நானும் அவளும்தான் இருக்கிறோம்.